வெயில், காற்று, குளிர்நீர்: நெடுந்தூர டிரையத்லான் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஹவாய்த் தீவின் கோனா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியை ஒட்டி வந்த கேள்விகளில், வானிலை தொடர்பானவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முழு அயர்ன்மேன் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் ஓய்வின்றி ஒரே நாளில், பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய டிரையத்லான் பந்தயம்.

கேள்வி: 2025 அக்டோபரில் கோனாவில் நடந்த மகளிர் போட்டியில் முன்னணியில் இருந்த இருவருமே ஓட்டத்தின்போது விலகினார்கள் என்று படித்தேன். கோனா வெயில் மதுரை வெயிலை விடக் கடுமையானதா? அவ்வளவு பயிற்சி பெற்றவர்களால் ஏன் தாங்க முடியவில்லை?
— வாசகர், மதுரை

பதில்: வெப்பமானியை மட்டும் பார்த்தால் உங்கள் ஐயம் நியாயமானதே. கோனாவில் அக்டோபர் மாதப் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். சித்திரை மாத மதுரையில் அதை யாரும் வெயில் என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் பந்தயத்தில் ஓடுபவரை வாட்டுவது வெளியிலிருந்து வரும் சூடு மட்டுமன்று; அதைவிட அதிகமான சூட்டை அவருடைய தசைகளே உண்டாக்குகின்றன. நாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் உடலை முன்னே நகர்த்துகிறது, மீதியெல்லாம் வெப்பமாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்குச் சுமார் 550 கிலோகலோரி வெப்பம் அவர் உடலிலிருந்து வெளியேறியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் ஏறக்குறைய அந்த அளவு வெப்பத்தை எடுத்துச் செல்லும். இங்கே முழுவதுமாக ஆவியானால் என்பதுதான் முக்கியம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. அப்படி விழுந்த வியர்வையால் உடலில் நீர் குறைகிறதே தவிர, சூடு குறைவதில்லை. மதுரையின் வறண்ட வெயிலைவிடச் சென்னையின் புழுக்கம்தான் கோனாவுக்கு நெருக்கமானது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சைக்கிளில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு அந்த வேகமே காற்றைத் தருகிறது, வியர்வை உடனுக்குடன் காய்கிறது, தம் உடலில் எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதே அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சைக்கிளை வைத்துவிட்டு ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. முதுகுப்பக்கமிருந்து காற்று வீசினாலோ, ஓடுபவரைச் சுற்றிக் காற்றே அசையாதது போலாகிவிடும். கோனாவின் ஓட்டப் பாதையில் பெரும்பகுதி, கரிய எரிமலைப் பாறைவெளியின் நடுவே நிழலே இல்லாமல் செல்லும் குயின் காஹுமானு நெடுஞ்சாலையில் அமைந்திருக்கிறது. 2025-இல் லூசி சார்ல்ஸ்-பார்க்லே அந்த ஓட்டத்தின் பிற்பகுதியில் விலகினார். முன்னிலையில் ஓடிய டெய்லர் நிப், இலக்குக்குச் சில கிலோமீட்டர்களே எஞ்சியிருந்த நிலையில் நின்றுவிட்டார். நார்வேயின் சோல்வெய் லோவ்செத் வென்றார். விலகிய இருவரும் தகுதியில் குறைந்தவர்கள் அல்லர். ஒருவரையொருவர் விடாமல் நெருக்கிக்கொண்டு சென்ற அந்த வேகத்தை, அன்றைய வானிலை கடைசிவரை அனுமதிக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. கோனாவில் எட்டு முறை பட்டம் வென்ற பவுலா நியூபி-ஃப்ரேசர், 1995-இல் பின்னால் துரத்தி வந்த கேரன் ஸ்மையர்ஸிடம் முன்னிலையை இழந்துவிடக் கூடாதென்று குடிநீர் நிலையங்களில் நிற்காமல் ஓடினார். இலக்கு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நிலைகுலைந்து விழுந்து, நெடுநேரத்துக்குப் பின் எழுந்து, வெறுங்காலோடு நடந்து நான்காவதாக முடித்தார். மறு ஆண்டே மீண்டும் வென்றார் என்பதால், அன்று குறைந்தது திறமை அன்று, சில மிடறு தண்ணீரும் ஒரு கைப்பிடி பனிக்கட்டியும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆகவே புழுக்கமான நாளில் பந்தயத்துக்கு முன்பே மனத்தில் குறித்துவைத்த நேரத்தைக் கைவிட்டுவிடுங்கள். இதயத் துடிப்பையும் மூச்சையும் பார்த்து ஓடுங்கள். தொப்பியிலும் கழுத்திலும் பனிக்கட்டி வைத்துக்கொள்ள ஒவ்வொரு நிலையத்திலும் சில நொடிகள் நடந்தால், அந்த நொடிகள் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் நிமிடங்களாகத் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: கோனாவின் சைக்கிள் பாதையில் காற்று ஆளையே தள்ளிவிடும் என்கிறார்கள். எங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைவிடவும் அதிகமா? காற்றை எதிர்த்து ஓட்டுவது எப்படி?
— வாசகி, கோவை

பதில்: இரண்டு காற்றும் ஒரே விதமாக உண்டாகின்றன என்பதால் உங்கள் ஒப்பீடு பொருத்தமானது. ஹவாயில் வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று, மவுனா கீ மலைக்கும் கொஹாலா மலைக்கும் இடையே உள்ள தாழ்வான பகுதியில் நெருக்கப்பட்டு, வேகம் கூடி, மேற்குக் கரையோரச் சாலைமீது பாய்கிறது. உள்ளூர் மக்கள் அதை முமுக்கு என்று அழைக்கிறார்கள். ஹாவி என்னும் சிற்றூரை நோக்கி ஏறும் பகுதியில் அது முகத்திலும் பக்கவாட்டிலும் மாறி மாறி அடிக்கும். பின்சக்கரத்தை முழுத் தட்டாக மூடிய டிஸ்க் சக்கரங்களுக்குப் பல நெடுந்தூரப் பந்தயங்களில் இசைவு உண்டு; கோனாவில் அவை தடைசெய்யப்பட்டதற்குக் காரணம் இந்தப் பக்கக்காற்றே.

காற்றின் தடை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உங்களை 20 கிலோமீட்டர் வேக எதிர்காற்று சந்தித்தால், அதே வேகத்தில் தொடர்வதற்குக் காற்றோடு மட்டுமே ஏறத்தாழ மூன்று மடங்கு போராட வேண்டியிருக்கும். அந்தப் போராட்டத்தில் கால்களின் வலுவைச் செலவழித்துவிட்டால் அது ஓட்டத்துக்கு மிஞ்சாது. எனவே வேகம் குறைந்தால் குறையட்டும் என்று விட்டு, உழைப்பு மட்டும் சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பக்கக்காற்றுக்கு, முன்சக்கரத்தில் விளிம்பு உயரம் குறைந்த சக்கரத்தைப் பொருத்துங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடியுங்கள். வெட்டவெளியிலிருந்து ஒரு மேட்டின் மறைவுக்குள் நுழையும்போதும் வெளிவரும்போதும் காற்று சட்டென மாறும் என்பதை எதிர்பார்த்திருங்கள். ஆடி மாதத்தில் பொள்ளாச்சிச் சாலையில், போக்குவரத்து குறைந்த விடியற்காலையில், துணைக்கு ஒருவரோடு பழகுவதைவிட நல்ல பயிற்சி உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது.

கேள்வி: வெயிலில் நீண்ட தூரம் ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தகும் என்று என் பயிற்சித் தோழர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், வேலூர்

பதில்: உண்மையன்று, அது உயிருக்கே ஆபத்தான அறிவுரை. வியர்ப்பதைவிட அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கும் நிலை வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 2005-இல் வெளியான ஆய்வில், 13 சதவீதத்தினரின் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இருந்தது. பந்தயத்தின்போது உடல் எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, இடையில் குடித்ததையும் கணக்கில் சேர்த்தால், உங்கள் உடல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வியர்க்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்குச் சற்றுக் குறைவாகக் குடியுங்கள். உப்பு மாத்திரை விழுங்கிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பதும் தவறு.

கேள்வி: என் நண்பர் நார்வேயில் நடக்கும் நார்ஸ்மன் டிரையத்லான் பந்தயத்தில் கலந்துகொள்கிறார், அவருக்குத் துணையாகச் செல்லும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். நான் இதுவரை எந்தப் பந்தயத்திலும் துணையாகச் சென்றதில்லை. எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?
— வாசகர், ஓஸ்லோ

பதில்: உங்கள் நண்பரின் பயிற்சிக்கு இணையான முக்கியத்துவம் உங்கள் தயாரிப்புக்கும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில் அமைப்பாளர்கள் வழியெங்கும் உணவும் நீரும் தருவதில்லை. வீரருடைய உணவு, உடை, பாதுகாப்பு எல்லாம் அவருடைய துணைவரின் கையில்தான். விடியற்காலை 5 மணிக்கு ஹர்டாங்கர் ஃபியோர்டின் குளிர்ந்த நீருக்குள் படகிலிருந்து குதித்து, எய்ட்ஃபியோர்டு ஊரில் கரையேறி, ஹர்டாங்கர்வித்தா மேட்டுநிலத்தைச் சைக்கிளில் கடந்து, ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் கவுஸ்தாதொப்பன் மலைமீது முடிக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மேட்டுநிலத்தில் கோடையிலும் உறையவைக்கும் மழை பெய்யும்.

குளிர்ந்த நீரில் விழுந்ததும் தன்னையறியாமல் மூச்சு வாங்கும். அந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் பதறாமல், மூச்சு அடங்கும் வரை மெதுவாக நீந்தினால் போதும் என்று நண்பரிடம் சொல்லிவையுங்கள். வெட்சூட் என்னும் குளிர் தாங்கும் ரப்பர் நீச்சலுடை அணிந்திருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த நீரில் இருந்தவருக்கு விரல்கள் மரத்துப்போயிருக்கும். கரைக்கு வந்த பின்னும் உடலின் உட்சூடு சிறிது நேரம் தொடர்ந்து இறங்கும் என்பதால், நடுக்கம் கரையேறிய பிறகே கூடலாம். அப்போது ஹெல்மெட் வாரைப் பூட்டுவதற்குக்கூட அவரால் முடியாமல் போகலாம். ஆகவே பட்டனும் முடிச்சும் இல்லாத உடைகளையே எடுத்துவையுங்கள். நேரம் போனாலும் பரவாயில்லை, ஈர உடை முழுவதையும் களைந்து, துடைத்து, உலர்ந்ததை அணிவித்தே சைக்கிளில் ஏற்றுங்கள். மேட்டுநிலத்தில் ஏறும்போது சூடாகத் தெரிவார், இறக்கத்தில் விறைத்துவிடுவார். எனவே இறக்கம் தொடங்கும் முன் நிறுத்தி, காற்றுப் புகாத மேற்சட்டையும் தடித்த கையுறையும் போடச் செய்யுங்கள். சூடான சூப் உள்ள ஃபிளாஸ்க் ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.

மலையின் கடைசி ஏற்றத்தில் நீங்களும் முதுகுப் பையோடு அவருடன் ஏறியாக வேண்டும் என்பதால், உங்களுக்கும் நல்ல காலணியும் உலர்ந்த உடையும் தேவை. மலைமேல் வானிலை கெட்டுவிட்டால் உச்சிப் பாதையை மூடும் உரிமை அமைப்பாளர்களுக்கு உண்டு. அப்படி நேர்ந்தால் நண்பர் மனமுடைந்து உங்களிடம்தான் வாதிடுவார்; அந்த நேரத்தில் நீங்கள் அவர் பக்கம் சாயாமல் அமைப்பாளரின் பக்கம் நிற்க வேண்டும்.

கேள்வி: என் மகள் கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேனில் பங்கேற்கப் போகிறாள். கடல் கொந்தளித்தால் என்ன ஆகும், வெயிலில் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. நானும் உடன் செல்கிறேன். நான் என்ன செய்ய முடியும்?
— வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் அச்சத்தில் ஒரு பாதியை அமைப்பாளர்களிடம் விட்டுவிடலாம். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட அந்தப் பந்தயத்தில் மீட்புப் படகுகளும் உயிர்காப்பாளர்களும் நீரில் இருப்பார்கள். கடல் மோசமானால் நீச்சலைக் குறைக்கவோ கைவிடவோ விதிகள் இடம் தருகின்றன. ஆனாலும் காற்று முன்னறிவிப்பின்றி மாறக்கூடும். 2012 மே மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த செயின்ட் ஜார்ஜ் அயர்ன்மேனில், அமைதியாக இருந்த ஏரி, நீச்சல் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பெருங்காற்றில் அலையடித்து, பலரைப் படகுகளில் ஏற்ற வேண்டியதாயிற்று. அலை அடிக்கும் நாளில் இரு பக்கமும் மூச்செடுக்கவும், அலையின் மேல் எழும்போது மட்டும் தலை தூக்கித் திசை பார்க்கவும், தேவைப்பட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்தி உதவி கேட்கவும் மகளுக்குப் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீச்சல்குளத்தில் மட்டுமே பயின்றவள் என்றால், ஊருக்குப் புறப்படுமுன் பயிற்சியாளருடன் சில முறையாவது கடலில் நீந்தட்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, பத்து முதல் பதினான்கு நாள்கள் தொடர்ந்து வெப்பத்தில் பயிற்சி செய்தால் உடல் அதற்குப் பழகும். வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். குளிரூட்டிய அறையில் நிலையான சைக்கிளை மிதித்தே பயிற்சியை முடிப்பவர்கள், திருச்சியில் வாழ்ந்தும் இந்தப் பழக்கத்தைப் பெறுவதில்லை. அதைவிட முக்கியமாக, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அந்த ஆண்டு பங்கேற்க வேண்டாம் என்று இப்போதே இருவரும் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பந்தயத்தின்போது வெளியாட்கள் வீரருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அன்பினால் பாட்டிலை நீட்டினால் அவளுக்குத்தான் தண்டனை. நீங்கள் செய்யக்கூடியது கவனித்துப் பார்ப்பது. ஓட்டப் பாதையில் அவள் உங்களைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள். களைப்பாக, எரிச்சலாகப் பதில் சொன்னால் கவலை இல்லை. பதில் குழறினாலோ, உங்களை அடையாளம் காணத் தடுமாறினாலோ, கால் பின்னி நடந்தாலோ, வெயிலிலும் சிலிர்ப்பதாகச் சொன்னாலோ விதியைப் பற்றி யோசிக்காமல் அருகிலுள்ள தன்னார்வலரை அழைத்து நிறுத்துங்கள். உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி மனம் தடுமாறும் அந்த நிலையில், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதைவிட முதலில் செய்ய வேண்டியது குளிர்விப்பது. மருத்துவக் கூடாரத்தில் பனிக்கட்டி நீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை அதில் அமர்த்துவார்கள். இல்லையென்றால் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கிய நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்தக் கூடாரம் எங்கே இருக்கிறது என்பதை முதல் நாள் மாலையே நடந்து போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.