ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிட மாட்டார்களா?

கேள்வி: எனக்கு 43 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பல வருடமாகத் தினமும் குடித்தேன். போன மாதம் மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்திவிட்டேன். மாத்திரை சாப்பிடுகிறேன். இனி ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடிப் பேசும் கூட்டத்துக்கு, போகச் சொல்கிறார் டாக்டர். எங்கே நடக்கிறது, எப்படிச் சேர்வது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் பார்த்தால் மானம் போய்விடும். சாமி கும்பிடச் சொல்வார்களாமே, எங்கள் குடும்பம் பெரியார் வழி. அவசியம் போகத்தான் வேண்டுமா?

பதில்: போங்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு வரும் அபாயம் இவற்றைத் தாண்ட வைப்பது மருத்துவமனையின் வேலை. அதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது கூட எந்த டாக்டரும் வரப்போவதில்லை. அப்போது போன் போட்டுப் பேச, அதே மாதிரிச் சனிக்கிழமைகளைக் குடிக்காமல் கடந்து வந்த ஒருவர் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறோம்.

ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியதே அப்படித்தான். ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணரும், இருவருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் பிறந்தது அது. (மருத்துவம் படித்திருந்தும் அந்த டாக்டரால் தனியாக நிறுத்த முடியவில்லை. இதைப் படிக்கும் என் சக டாக்டர்கள் சிலருக்காகவும் சொல்லிவைக்கிறேன்.) மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குடியை முற்றிலும் விட்டுத் தொடர்வதில் ஏ.ஏ. வழிமுறை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சிலவற்றை விட மேல் என்றே சொன்னது.

எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, நீங்கள் சேர்ந்திருந்த வார்டிலேயே கேளுங்கள். பல மறுவாழ்வு மையங்களுக்கு ஏ.ஏ. ஆட்களே வந்து பேசுவார்கள். போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். ஏ.ஏ.வின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். முதலில் போன் செய்துவிட்டுப் போவது நல்லது, இடமும் நேரமும் மாறியிருக்கலாம். போனை எடுப்பவரும் பெரும்பாலும் குடியை விட்டவராகவே இருப்பார், தயங்க வேண்டாம். சனிக்கிழமை மாலையில் கூட்டம் கிடைத்தால் உங்களுக்கு அதுதான் முதல் தேர்வு.

மானம் பற்றி. கடை வாசலில் உங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தீர்களா? கூட்டத்தில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய கறாரான வழக்கம். பெயரை மட்டும் சொன்னால் போதும். மனசு ஒப்பவே இல்லையென்றால் முதல் சில முறை கோவைக்குப் பஸ் ஏறிவிடுங்கள். ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. ஆனால் நேரில் போவதையே நான் விரும்புகிறேன். கூட்டம் முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டு நடக்கும் பேச்சு போனில் கிடைக்காது.

உள்ளே போனால் வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள் இருக்கும். ஒருவர் நடத்துவார், கொஞ்சம் வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம். சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரம். சந்தா கிடையாது. உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், புதிதாக வந்தவர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கிளம்பும் முன் இரண்டு மூன்று பேரிடம் போன் நம்பர் வாங்கிவிடுங்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம்.

சாமி விஷயத்தை மழுப்ப விரும்பவில்லை. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற அடைமொழியோடு. பிரார்த்தனையும் இருக்கும். பல ஊர்களில் சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றும் இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இடம் தோதாகக் கிடைக்கிறது என்பதுதான் காரணம். எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏ.ஏ.வுக்குத் தொடர்பு கிடையாது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. பிரார்த்தனை நேரத்தில் நீங்கள் பேசாமல் நிற்கலாம். 'எனக்கு மேலான சக்தி இந்தக் கூட்டம்தான்' என்று வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் உண்டு. ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். நாலைந்து கூட்டம் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கூட்டத்தில் யாராவது "மாத்திரை எதுக்கு, மன உறுதி போதும்" என்றால் கேட்காதீர்கள். அது அந்த நபரின் கருத்து, ஏ.ஏ.வின் கொள்கை அல்ல. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையில் உள்ள விஷயம். அடுத்து, சறுக்கி மறுபடி பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்த பிறகு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள், கூட்டம் அதற்கு அடுத்தது. சறுக்கியவர்களை அங்கே யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், அவர்களில் பலரும் சறுக்கி எழுந்தவர்களே.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் மனைவி பற்றி ஒரு வார்த்தை. 'திறந்த கூட்டம்' என்று அறிவித்திருந்தால் அவரும் கூட வரலாம். மற்றவை குடிநோயாளிகளுக்கு மட்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவர் அங்கே போகலாம், உங்கள் அனுமதி தேவையில்லை.