கேள்வி பதில்: முகவரியில் ஒட்டிக்கொள்ளும் செஷன் எண்

அம்பத்தூர் உறுப்பினர்: சார், எங்கள் ஜாவா தளத்தின் முதல் பக்க இணைப்புகளில் மட்டும் அரைப்புள்ளி போட்டு ஜேசெஷன்ஐடி என்று நீளமாக வருகிறது. அடுத்த பக்கத்தில் இல்லை. வைரஸா?

வைரஸ் இல்லை. அது செஷன் எண், அதாவது நீங்கள் யார் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும் அடையாள எண். முதல் கோரிக்கை வரும்போது உங்கள் பிரவுசர் குக்கீயை (சேமித்துவைத்து ஒவ்வொரு கோரிக்கையிலும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பை) ஏற்குமா என்று சர்வருக்குத் தெரியாது. அதனால் குக்கீயையும் அனுப்பும், இணைப்புகளிலும் எண்ணை ஒட்டும். அடுத்த கோரிக்கையில் குக்கீ திரும்பி வந்துவிட்டால் ஒட்டுவதை நிறுத்திவிடும். ஜாவா தளங்களுக்கான தரமான சர்வ்லெட்டின் 3.0 பதிப்பு முதல், தளத்தின் அமைப்புகளை எழுதும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் டிராக்கிங் மோடு குக்கீ மட்டும் என்று எழுதிவிட்டால் எண் முகவரிக்கே வராது. அதுவரை அந்த நீண்ட முகவரியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வேளச்சேரி உறுப்பினர்: பிஎச்பியில்?

யூஸ்_டிரான்ஸ்_சிட் என்ற அமைப்புதான் அதைச் செய்யும். இயல்பாக அணைந்தே இருக்கிறது, அப்படியே விடுங்கள்.

தரமணி உறுப்பினர்: பழைய டாட்நெட் தளம் ஒன்றில் எண் முகவரியின் நடுவே, அடைப்புக்குறிக்குள் வருகிறது. பார்க்கவே சகிக்கவில்லை. ஜாவா முறைதானே சுத்தம்?

இல்லை, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பக்கத்தில் 'விலை' என்று வெறும் பெயரில் இணைப்பு இருந்தால் பிரவுசர் என்ன செய்யும்? இப்போதைய முகவரியில் கடைசிச் சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு அங்கே 'விலை'யை வைக்கும். ஜாவாவின் எண் அந்த வெட்டுப்படும் இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு இணைப்பையும், எண்ணை ஒட்டித் தரும் என்கோட்யூஆர்எல் வழியாக அனுப்ப வேண்டும். குக்கீயை ஏற்காத பயனர் என்றால், ஒன்றை மறந்தாலும் வெளியே போய்விடுவார். டாட்நெட்டின் எண்ணோ கோப்புறை போல முன்னால் நிற்பதால் தப்பிவிடுகிறது.

தரமணி: சாய்வுக்கோட்டில் தொடங்கும் இணைப்பு கொடுத்தால் அதுவும் அறுந்துவிடுமே?

உண்மை. அங்கே, எண்ணைச் சேர்த்துத் தரும் அப்ளைஆப்பாத்மாடிஃபையர் வழியாகத்தான் முகவரியைத் தர வேண்டும்.

கே.கே. நகர் உறுப்பினர்: முகவரிகளின் அமைப்பை வரையறுக்க 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற தர ஆவணம் அரைப்புள்ளியைப் பாதையின் பகுதியாகவே ஏற்கிறது. அப்படியென்றால் ஜாவா செய்ததுதான் முறை.

ஏற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் நிற்கும் மென்பொருள்களும் அதை உணர்ந்து எழுதப்பட வேண்டுமே! சோழிங்கநல்லூரில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருபவருக்கு ஒரு படமும் தெரியாது. பக்கத்தைப் புதுப்பித்தால் எல்லாம் வந்துவிடும். விடியற்காலையில்தான் பிடிபட்டது. பிஎன்ஜி என்று முடியும் முகவரிகளைத் தானே கொடுக்கும்படி முன்னால் நிற்கும் சர்வரான என்ஜின்எக்ஸில் விதி எழுதியிருந்தோம். முதல் வருகையில் படத்தின் முகவரி பிஎன்ஜியில் முடியவில்லை, செஷன் எண்ணில் முடிந்தது. கோரிக்கை பின்னால் ஜாவாவை ஓட்டும் சர்வரான டாம்கேட்டுக்குப் போனது, அங்கே படமே கிடையாது.

குரோம்பேட்டை உறுப்பினர்: வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறது.

என் துறை அன்று. நெட்வொர்க் தெரிந்தவரைக் கேளுங்கள்.

பெரம்பூர் உறுப்பினர்: முதல் பக்கத்தில் மட்டும் ஜேசெஷன்ஐடி வருகிறதே, ஏன்?

அம்பத்தூருக்கு எழுதியதைப் படியுங்கள்.

தாம்பரம் உறுப்பினர்: வாடிக்கையாளர் குக்கீயே வேண்டாம் என்கிறார். முகவரியிலேயே வைத்துவிடலாமா?

வேண்டாம். கிண்டியில் ஒரு நிறுவனத்தில் ஓர் ஊழியர் தன் சம்பளச் சீட்டுப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, எல்லோரும் இங்கே பதிவிறக்கலாம் என்று அந்த முகவரியை வாட்ஸாப் குழுவில் போட்டார். திறந்தவர்கள் எல்லோரும் அவராகவே உள்ளே நுழைந்தார்கள். அவருடைய கடன் பிடித்தம் வரை தெரிந்துபோயிற்று. பாவம், அவர் செய்த தவறு என்ன? முகவரியை அனுப்பியதுதான். சர்வரின் பதிவுக் கோப்பிலும் பிரவுசரின் வரலாற்றிலும்கூட அந்த எண் கிடக்கும். இன்னொன்று: திருடன் தன் எண்ணை வைத்த இணைப்பை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் லாகின் செய்யும்வரை காத்திருக்கலாம். அதனால் லாகின் ஆனவுடன் எண்ணை மாற்றுங்கள். ஜாவாவில் சேஞ்ச்செஷன்ஐடி, பிஎச்பியில் செஷன்_ரீஜெனரேட்_ஐடி.

அயனாவரம் உறுப்பினர்: முதல் பக்கத்தில் மட்டும்...

அம்பத்தூர்.