80 டிராக் போட்டால் வளர்ச்சியா?

கேள்வி: எங்கள் இண்டி பாப் குழுவின் முதல் ஆல்பத்தை ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டித் தாளக் கருவி) வைத்து மாடி அறையில் பதிவு செய்தோம். இரண்டாவது ஆல்பத்தில் நாதஸ்வரம், தவில், சின்த், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்த்து 9 பாட்டு. சில பாட்டில் 80 டிராக் (தனித்தனியாகப் பதிந்த ஒலி அடுக்கு) வரை போயிருக்கிறது. கேட்டவர்களோ "மொதல்லதுதான் நல்லாருந்துச்சு" என்கிறார்கள். ஒரு குழு வளர்வதை ஏற்க மதுரைக்காரர்களுக்கு ஏன் மனசு வரவில்லை? இரண்டு ஆல்பத்தின் ஃபைல்களையும் அனுப்பியிருக்கிறோம்.
(பெயர் வேண்டாம், செல்லூர், மதுரை)

பதில்: மதுரைக்காரர்களை விட்டுவிடுங்கள். ஊர்த் திருவிழாவில் நையாண்டி மேளத்தைப் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த காது அது. தவில் எப்படி இடிக்கும் என்று அதற்குத் தெரியும். உங்கள் ஆல்பத்தில் அது இடிக்கவில்லை.

முதலில், "மொதல்லதுதான் நல்லாருந்துச்சு" என்பதற்கு ஒரு சாதாரணக் காரணம். புது ஆல்பத்தை மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலித் திருத்தத்தில், மைனஸ் 7 லஃப்ஸ் (சராசரிச் சத்த அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) வரை நசுக்கியிருக்கிறீர்கள். பழையது மைனஸ் 14. ஸ்பாட்டிஃபை, கேட்பவர் அமைப்பை மாற்றாதவரை, பாட்டுகளை மைனஸ் 14 அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. ஆகவே உங்கள் புதுப் பாட்டு 7 டெசிபல் இறக்கப்படுகிறது. இரண்டும் ஒரே சத்தத்தில் வரும்போது, பழைய ஆல்பத்தில் கஹோன் அடி ஒவ்வொன்றும் தலைதூக்கி நிற்கிறது. புதியதில் எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்துக் கிடக்கிறது. சத்தம் கூட்டக் கொடுத்த காசு, சத்தத்தைக் குறைத்ததுதான் மிச்சம். மைனஸ் 11, 12 போதும். உச்ச அளவு மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக் கூடாது.

இனி அந்த 80 டிராக். மூன்றாவது பாட்டை எடுத்துக்கொள்வோம். தவிலுக்கு இரண்டு மைக் வைத்திருக்கிறீர்கள், சரி. வலந்தலைக்கு (விரலால் அடிக்கும் பக்கம்) வைத்ததைத் தோலோடு ஒட்டி வைத்ததால் விரல் கூடு விழுகிற 'டக்' மட்டும் வருகிறது, நாதம் இல்லை. ஒன்றரை அடி தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் விளிம்பைப் பார்த்த மாதிரி வைத்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். அதைவிடப் பெரிய கோளாறு ஃபேஸ், அதாவது இரண்டு மைக்கின் ஒலி அலைகள் ஒன்றோடொன்று சேர்கிறதா, ஒன்றையொன்று அழிக்கிறதா என்பது. வலந்தலை டிராக்கும் தொப்பி (குச்சியால் அடிக்கும் பக்கம்) டிராக்கும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளியிருப்பதால் ஹெட்ஃபோனில் உங்களுக்குத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோவிலோ, ஒற்றை ஸ்பீக்கர் வைத்த டீக்கடையிலோ போட்டுப் பாருங்கள்: தொப்பியின் கனம் முழுக்கக் காணாமல் போகும். ஒரு டிராக்கின் ஃபேஸ் பட்டனைத் தட்டி, மோனோவில் (இரு பக்கத்தையும் ஒன்றாக்கி) கேட்டு, எந்த நிலையில் அடி கனமாக விழுகிறதோ அதில் விட வேண்டும். அரை நிமிட வேலை.

அதைச் செய்யாமல், கனம் போதவில்லை என்று கிக் டிரம் சாம்பிள் (பெரிய டிரம்மின் பதிந்து வைத்த அடி ஓசை) சேர்த்தீர்கள். கிக் வந்ததும் பேஸ் கிட்டார் அமுங்கியது. அதைத் தூக்க அடியில் சின்த் பேஸ். இப்போது அடித்தளத்தில் நான்கு பேர் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்ள, மேலே வெறுமையாகத் தெரிந்ததால் ஸ்ட்ரிங்ஸ், அதற்கு மேல் கைத்தட்டு. 80-ல் பாதி டிராக் முந்தைய டிராக்கின் ஓட்டையை அடைக்க வந்தவை. 1966-ல் பீட்டில்ஸ் 'ரிவால்வர்' ஆல்பத்தைச் செய்தது 4 டிராக் டேப் மெஷினில். ஐந்தாவது வேண்டுமென்றால் இருப்பதைக் கலந்து ஒன்றாக்கித்தான் இடம் பிடிக்க வேண்டும். ஆகவே எதை வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்தார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் போனதுதான் வினை.

நாதஸ்வரத்துக்கு வருகிறேன். வாசித்தவர் இரண்டு கட்டை சுருதிக் குழல் கொண்டுவந்திருக்கிறார். உங்கள் பாட்டோ ஒரு கட்டை, அதாவது சட்ஜம் சி. என்ன செய்தீர்கள்? இரண்டு கட்டையில் வாசிக்கச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு கட்டைக்கு இறக்கினீர்கள். அரைக் கட்டை என்றால் காது பொறுத்துக்கொள்ளும். முழுக் கட்டை இறக்கினால் குழலின் குரலே மாறி, கமகம் சேற்றில் நடப்பது போலக் குழைகிறது. கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் கட்டை மாற்றுவது சுலபம். நாதஸ்வரத்தில் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை) கொஞ்சம் முன்பின் தள்ளி ஓரளவுதான் சுருதி திருத்த முடியும். ஆகையால் குழல் எத்தனை கட்டை என்று முன்னமே கேட்டு, பாட்டை அங்கே நகர்த்தி, பாடகரைப் பாடவைத்துப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பதிவு செய்ய வேண்டும். வாசிப்பவர் பத்து நிமிடம் ஊதிச் சூடான பிறகு சுருதி சற்று ஏறும். அதன் பிறகே சரிபாருங்கள். மைக்கை அணசுக்குள் (குழலின் அடியில் விரிந்த வாய்) திணிக்காமல், மூன்று நான்கு அடி தள்ளி, விரல் துளைகளுக்கும் அணசுக்கும் நடுவே பார்க்க வையுங்கள்.

அதே பாட்டில் இன்னொன்று. நாதஸ்வரம் கரகரப்ரியா ராகத்தின் பிடிகளை வாசிக்கிறது. அடியில் கிட்டார் சி மைனர், ஏ ஃப்ளாட், ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட் என்று சுற்றுகிறது. கரகரப்ரியாவின் தைவதம் ('த' ஸ்வரம்) சதுஸ்ருதி, அதாவது உங்கள் சுருதியில் ஏ. ஏ ஃப்ளாட் கார்டு ஒலிக்கும்போது குழல் அந்த ஏ-யில் நின்றால் இரண்டும் முட்டும். அந்த முட்டலை ரிவெர்ப் (எதிரொலி) போட்டு மூடியிருக்கிறீர்கள். ஏ ஃப்ளாட்டை எடுத்துவிட்டு எஃப் மேஜர் போட்டிருந்தால் மூட வேண்டியதே இருந்திருக்காது. இந்த நான்கு கார்டு சுற்று 9-ல் 6 பாட்டில் வருகிறது. முதல் ஆல்பத்திலும் இதுதான். உடை மாறியிருக்கிறது, அவ்வளவே.

வளரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறாவது பாட்டு நிஜமாகவே வளர்ந்த பாட்டு, ஆனால் அதை ஆல்பத்தின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். முதல் ஆல்பத்தில் சரணமெல்லாம் பல்லவி தொடங்கிய இடத்திலேயே தொடங்கும். இதில் சரணம் பஞ்சமத்தில் தொடங்கி மேலே போகிறது. அந்த நேரம் பேஸ் நகராமல் சட்ஜத்தில் எட்டு பார் (தாளச் சுற்று) நிற்கிறது. தவில் இரண்டாவது சரணம் முடிந்த பிறகுதான் நுழைகிறது, 16 பார், அப்போது கிக் நிறுத்தப்பட்டிருக்கிறது. 22 டிராக்தான். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மூன்றாவது பாட்டை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மொத்த ஆல்பத்தையும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம். புது மிக்ஸுக்குப் புது ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்க வேண்டும், கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்றாவது பாட்டை மட்டும், தவில் நுழையும் இடத்தில் கிக்கை நிறுத்தி, சின்த் பேஸையும் ஸ்ட்ரிங்ஸையும் தூக்கிவிட்டு, புது மிக்ஸ் என்று தனியாக வெளியிடுங்கள். நாதஸ்வரத்தை மறுபடி பதிவு செய்யாமல் இது முடியாது. அந்தச் செலவுக்குத் தயாராகுங்கள்.

கடைசியாக, ஆல்பம் விவரத்தில் கிட்டார் பெடலின் பெயர்கூடப் போட்டிருக்கிறீர்கள். தவில் வாசித்தவர் பெயரும் நாதஸ்வரம் வாசித்தவர் பெயரும் இல்லை. இதைத் திருத்தப் பாட்டை மறுபடி ஏற்றத் தேவையில்லை, எண்ணும் மாறாது. டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) கணக்கைத் திறந்து, கலைஞர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் சேருங்கள். எழுத்துப் பிழையில்லாமல், அவர்களிடமே கேட்டு.