நாயின் குடலில் இரைப்பை இழையம்

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்கு ஐந்து வயது. சில மாதங்களாக விட்டுவிட்டு வாந்தி எடுத்து, உடல் மெலிந்து, கடைசியில் மலமும் தார்போலக் கறுத்துப் போனது. ஸ்கானில் சிறுகுடற் சுவர் ஓரிடத்தில் தடித்திருப்பதைக் கண்ட மிருக வைத்தியர், கட்டியாக இருக்கலாம் என்று அந்தப் பகுதியை வெட்டி அகற்றினார். ஆய்வுகூட அறிக்கையோ அங்கே இரைப்பை இழையம் இருந்ததாகக் கூறுகிறது. இது புற்றுநோயா? அடிக்கடி பாணும் மீன் பணிஸும் கொடுத்ததால் வந்த வினையா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இரண்டும் அல்ல. நீங்கள் கொடுத்த எந்த உணவும் இரைப்பை இழையத்தைக் குடலில் உண்டாக்க முடியாது. அது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்துவிடுவது. (வெங்காயம் சேர்ந்த பணிஸ் நாய்க்கு வேறு வகையில் கெடுதியானது என்பதால், அதை நிறுத்துவது எப்படியும் நல்லது.) தாயின் வயிற்றில் முளையம் வளரும்போது இரைப்பையும் குடலும் ஒரே குழாயிலிருந்துதான் உருவாகின்றன. அந்தக் குழாயின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய இழையமாக மாறும் கட்டத்தில், குடலாக வேண்டிய இடத்தில் சில கலங்கள் இரைப்பைக்குரிய வழியில் வளர்ந்துவிட்டால், இத்தகைய இடம்மாறிய இழையம் தோன்றுகிறது. மனிதரிலும் இது உண்டு. 1809ஆம் ஆண்டு மெக்கல் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் விவரித்த சிறுகுடற் பை, ஏறத்தாழ நூறு பேரில் இருவருக்கு இருக்கிறது. அதிலும் சிலரில் இரைப்பை இழையம் காணப்படுகிறது. நாய்களில் அத்தகைய பை ஏதும் இல்லாமலேயே, சாதாரணக் குடற் சுவருக்குள்ளும் இது இருக்கலாம்.

தொல்லை எங்கிருந்து வருகிறது என்றால், இடம் மாறினாலும் அந்த இழையம் தன் தொழிலை மறப்பதில்லை. அதிலுள்ள சுரப்பிகள் ஐதரோகுளோரிக் அமிலத்தையும், புரதத்தைச் செரிக்கும் பெப்சினாக மாறும் முன்பொருளையும் சுரக்கக்கூடும். இரைப்பையின் உட்சுவரை அடர்ந்த சளிப்படை காக்கிறது. முன்சிறுகுடலுக்கு வரும் அமிலத்தைச் சதையியிலிருந்து வரும் பைகாபனேற்று நடுநிலையாக்குகிறது. ஆனால் குடலின் கீழ்ப்பகுதியில் திடீரென அமிலம் சுரந்தால், அதைத் தாங்கும் ஏற்பாடு அங்கே அவ்வளவாக இல்லை. ஆகவே அருகிலுள்ள குடற் சுவர் புண்ணாகி, இரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்து, குடலைக் கடந்து வருவதற்குள் செரிமானமாகித் தார்நிறம் பெற்று வெளியேறுகிறது. கசிவு நீடித்தால் குருதிச்சோகை ஏற்படும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு வெளிறியிருக்கும். சில நாய்களில் புண் துளையாவதும், தடித்த இடத்தில் தொடங்கி, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டு குடல் அடைபடுவதும் உண்டு. வேறு சில நாய்களிலோ எந்தக் குறியும் இல்லாமல், வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போதுதான் இது தற்செயலாகத் தெரியவரும்.

வைத்தியர் கட்டி என்று ஐயுற்றதில் தவறில்லை. ஸ்கானில் சுவர் தடித்து அதன் படைகள் தெளிவிழந்து தெரியும்போது, அது புற்றுநோயா இதுவா என்று பிரித்தறிவது கடினம். வெட்டிய துண்டைப் போமலினில் இட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகே உண்மை தெரியும். புற்றுநோயில் கலங்கள் ஒழுங்கின்றிப் பெருகி ஊடுருவும். இங்கே சுரப்பிகள் இரைப்பையில் இருப்பதுபோலவே வரிசையாக அமைந்திருக்கும், இடம்தான் தவறு. சந்தேகம் தீராவிட்டால், மெழுகில் பதித்த துண்டு ஆய்வுகூடத்தில் இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் இன்னொரு நோயியலாளரைக் கொண்டு அதை மறுபடி வாசிக்க முடியுமா என உங்கள் வைத்தியரிடம் கேட்கலாம். நாயை மீண்டும் திறக்க வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்ட பகுதி முழுமையாக நீக்கப்பட்டிருந்தால், பொதுவாக அதுவே தீர்வு. வெட்டிய விளிம்புகளில் அந்த இழையம் எஞ்சியிருக்கிறதா என்பது பற்றி அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: அமிலம்தான் காரணம் என்றால், சத்திரசிகிச்சை இல்லாமல் நாங்கள் போடும் ஒமெப்பிரசோல் மாத்திரையையே நாய்க்கும் கொடுத்தால் என்ன?
– வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்த மருந்து அமிலத்தைக் குறைக்கும், இழையத்தை அகற்றாது, குடலடைப்பையும் தீர்க்காது. அதைவிட முக்கியமாக, வாந்தியும் கறுத்த மலமும் கண்ட ஒரு நாய்க்கு இந்த அரிய காரணத்தை முதலில் நினைப்பதே பொருந்தாது. கொழும்பில் கொழுக்கிப்புழு, விழுங்கிய எலும்புத் துண்டு, வீட்டிலிருந்த வலிநிவாரணியை நாய்க்கும் கொடுத்துவிட்டது ஆகியவற்றைத்தான் வைத்தியர் முதலில் விசாரிப்பார். இபுபுரோபனும் டைக்ளோபெனக்கும் நாயின் இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கக்கூடியவை. அளவும் காலமும் வைத்தியர் குறித்துத் தந்தாலன்றி ஒமெப்பிரசோலையும் கொடுக்க வேண்டாம். இரும்புச்சத்து மருந்து கொடுத்துவந்தாலும் மலம் கறுக்கும் என்பதால், கொடுத்த மருந்துகள் யாவற்றையும் எழுதி, ஒரு சிறு புட்டியில் புதிய மல மாதிரியுடன் எடுத்துச் செல்லுங்கள்.