தகப்பன் பெயர்

அன்புள்ள ஐயா,

சிரிய அகதிப் பெண்களைப் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். கூடாரம், ரொட்டி, தண்ணீர் பற்றி ஐந்து நிமிடம். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு என்று அரைமணி நேரம். குண்டுக்குத் தப்பி வந்தவளுக்குக் காகிதமா பெரிய கவலை? உட்கார்ந்து யோசிக்க வசதியுள்ளவர்களின் கவலையை அவள் தலையில் ஏற்றுகிறீர்களோ என்று தோன்றியது.

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

ஐந்து நிமிடம் போதாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரைமணி நேரத்தைக் குறைக்க மாட்டேன்.

சிரியாவின் 1969ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் பிள்ளைக்குக் குடியுரிமை தந்தை வழியாக வருகிறது. தந்தை யாரென்று சட்டப்படி நிறுவ முடியாவிட்டால் தாய் வழியாகவும் பெறலாம். ஆனால் பிள்ளை சிரியாவுக்குள் பிறந்திருக்க வேண்டும். எல்லை தாண்டி ஓடியவளின் பிள்ளை எங்கே பிறக்கும்? யாருக்கு அந்த வழி மிக அவசியமோ, அவளுக்குத்தான் அது அடைபட்டிருக்கிறது.

தந்தையை நிறுவத் திருமணச் சான்று வேண்டும். ஆனால் சிரியக் கிராமங்களில் ஷேக் எனப்படும் மதப் பெரியவர் ஒருவர் முன்னிலையில் திருமணத்தை முடித்துவிட்டு, பதிவைப் பிறகு பார்த்துக்கொள்வது வழக்கம். அந்தப் 'பிறகு' வருவதற்குள் போர் வந்துவிட்டது. கணவன் இறந்திருப்பான், சிறையில் இருப்பான், அல்லது எங்கே என்றே தெரியாது. சாட்சிகள் திசைக்கொருவராய்ச் சிதறியிருப்பார்கள். எகிப்து, லெபனான், ஈராக், ஜோர்டான் நான்கிலுமாகச் சிரிய அகதிக் குடும்பங்களில் 1,45,000-க்கு மேற்பட்டவை, அதாவது நான்கில் ஒன்று, பெண் தலைமையில் இருந்ததாக 2014-இல் ஐ.நா. அகதிகள் அமைப்பு சொன்னது.

லெபனானில் பிறப்பைப் பதிய மருத்துவரோ மருத்துவச்சியோ தரும் சீட்டு வேண்டும். அதை முக்தாரிடம், அதாவது ஊர் நிர்வாகியிடம், கொண்டுபோக வேண்டும். பிறகு பதிவு அலுவலகங்கள். ஓராண்டு கடந்தால் நீதிமன்றம். 2018-இல் அந்தக் கெடுவைச் சிரியக் குழந்தைகளுக்கு அரசு தளர்த்தியது, நல்ல காரியம். திருமணச் சான்று இல்லாதவளுக்கு அதனால் என்ன பயன்?

ஜோர்டானில் பதிவான சிரியத் திருமணங்களில் மணப்பெண் பதினெட்டு வயதுக்குக் கீழானவளாக இருந்தவை 2011-இல் 12 விழுக்காடு. 2014 தொடக்கத்தில் ஏறக்குறைய 32. இது பதிவானவற்றின் கணக்கு மட்டும். வறுமையும், முகாமில் மகளின் பாதுகாப்பைப் பற்றிய அச்சமும் சேர்ந்து செய்த வேலை. ஷேக்கோடு நின்றுபோன சிறுமித் திருமணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அங்கே பிறக்கும் பிள்ளையும் அதே சிக்கலில் விழுகிறது. லெபனான், ஜோர்டான் இரண்டுமே 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராதவை. நாமும்தான்.

'அரபுப் பண்பாடே அப்படித்தான்' என்று இதைத் தள்ளிவிட முடியாது. எகிப்து 2004-இலும், அல்ஜீரியா 2005-இலும், மொராக்கோ 2007-இலும் தாய் வழிக் குடியுரிமைக்குச் சட்டத்தைத் திருத்தின. லெபனானோ 1925-இன் சட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பாலஸ்தீனரையோ சிரியரையோ மணந்த லெபனான் பெண்ணின் பிள்ளைகள் அந்நியர்கள். அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் நாட்டில் மதப்பிரிவுகளின் சமநிலை குலைந்துவிடுமாம். லெபனான் ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் அவளுக்கும் குடியுரிமை கிடைக்கும், பிள்ளைகளுக்கும் கிடைக்கும். அப்போது மட்டும் சமநிலை எப்படிக் குலையாமல் நிற்கிறதோ!

2024 டிசம்பரில் சிரிய அதிபர் அசாத் வீழ்ந்தபின் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பிவிட்டார்கள். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஒரு கூடாரத்தில் 2013-இல் பிறந்த பெண்ணும் அவர்களோடு திரும்பியிருக்கலாம். தாயின் ஊர்ப் பதிவேட்டில் அவள் பெயர் ஏற வேண்டுமானால் இன்றும் தகப்பன் பெயரும் திருமணச் சான்றும் வேண்டும். 1969-இன் சட்டம் ஆட்சியோடு சேர்ந்து வீழவில்லை.