கேட்டால் சொல்கிறான், எழுதச் சொன்னால் தடுமாறுகிறான்: கல்வி உளவியலாளரிடம் எதற்குப் போக வேண்டும்?

நான்காம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் வாய்க்கேள்விக்கு மளமளவென்று பதில் சொல்கிறான், தேர்வுத் தாளில் பத்துக்கு மூன்று வாங்குகிறான். டியூஷன் வைத்தும் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று என்கிறீர்கள். 'கல்வி உளவியலாளரைப் பாருங்கள்' என்று பள்ளியில் சொன்னதும் பையனுக்கு மனநோய் என்கிறார்களோ என்று பயந்துவிட்டீர்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அவன் படிப்பு எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை.

போவதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையும், ஒரு காது சரியாகக் கேட்காத பிள்ளையும் கற்றல் குறைபாடு (அறிவு இருந்தும் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ திணறுவது) உள்ள பிள்ளையைப் போலவே தப்புத்தப்பாக எழுதும். அடுத்து, பழைய டிக்டேஷன் நோட்டு, தேர்வுத் தாள், ரேங்க் கார்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். மதிப்பெண்ணைவிடத் தவறுகள்தான் அவருக்கு அதிகம் பேசும்.

தமிழில் அந்தத் தவறுகளுக்கென்று ஒரு போக்கு உண்டு. ரெண்டு சுழி, மூணு சுழி குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பவை (பெரியவர்கள் அனுப்பும் வாட்ஸப் செய்திகளைப் பாருங்கள்). அதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. நான்காம் வகுப்பிலும் புள்ளியை விட்டுவிடுவது, 'கொடு' என்பதைக் 'கெடு' என்று படிப்பது, குறிலையும் நெடிலையும் பிரிக்க முடியாமல் திணறுவது போன்றவைதான் கவனிக்க வேண்டியவை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். 'க்' கூட 'ஒ' சேர்ந்தால் 'கொ' என்ற கட்டு பிடிபடாத பிள்ளை, 247 எழுத்தையும் தனித்தனிப் படங்களாக மனப்பாடம் செய்துதான் காலம் தள்ளுகிறது. மூன்றாம் வகுப்புவரை அது தாங்கும். பாடம் நீண்டதும் சரிந்துவிடும்.

மதிப்பீடு ஒரே நாளில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். பொதுவாக இரண்டு மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். முதலில் உங்களிடம் பேசுவார்: பேச்சு எப்போது வந்தது, வீட்டில் வேறு யாருக்காவது படிக்கச் சிரமம் இருந்ததா, எந்த வகுப்பில் பள்ளியோ பயிற்று மொழியோ மாறியது. பிறகு நுண்ணறிவுத் தேர்வு. நம் நாட்டில் மாலின் அளவுகோல், பினே-காமத் போன்றவை வழக்கத்தில் உள்ளன. அதன்பின் வாசிப்பு, டிக்டேஷன், கணக்கு, பார்த்து எழுதுதல் ஆகியவற்றைச் சோதிக்கும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தேர்வுத் தொகுதி. 'மரம்' என்பதில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன மிச்சம் என்று வாயால் கேட்பார். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இங்கே கெட்டுப்போகும் இடங்கள் சில. பள்ளி விட்டுக் களைத்து வந்த பிள்ளையைச் சாயங்காலம் உட்கார வைத்தால் எண்கள் கீழே இறங்கும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், குறைபாட்டுக்குப் பதிலாக ஆங்கிலப் பழக்கம்தான் அளக்கப்படும். இரண்டு மொழியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கைரேகையை வைத்து மூளைத்திறன் சொல்கிறோம் என்று வருபவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் மொத்த நுண்ணறிவு எண்ணைத்தான் தேடுவார்கள். நீங்கள் உள்ளே பாருங்கள். உதாரணத்துக்கு, மொழித்திறன் 118, செயல்வேகம் 82 என்று இருந்தால் மொத்த எண் ஏறக்குறைய சராசரியாகவே (100) தெரியும். ஆனால் அந்த இடைவெளிதான் உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணம். தெரிந்ததை எழுதி முடிக்க நேரம் போதவில்லை, நாம் அதைச் சோம்பல் என்கிறோம். கடைசியில் உள்ள பரிந்துரைப் பக்கத்தை விடாமல் கேட்டு வாங்குங்கள். 'வாசிப்பில் கவனம் தேவை' என்று எழுதியிருந்தால் பயனில்லை. 'மூன்று மாதத்தில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உள்ள 20 சொற்களில் 18-ஐச் சரியாகப் படிக்க வேண்டும்' என்பது மாதிரி அளந்து பார்க்கக் கூடிய இலக்கு வேண்டும்.

அந்த இலக்கை நோக்கிக் கூட இருந்து பயிற்சி கொடுப்பவர் பெரும்பாலும் சிறப்பு ஆசிரியர் (இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே பயிற்சி பெற்றவர்). வாரம் மூன்று முதல் ஐந்து நாள், அரை மணி முதல் முக்கால் மணி நேரம். ஒரு சமயத்தில் ஒரே ஒலி: வாயால் சொல்லி, மணலில் விரலால் எழுதி, பிறகு நோட்டில். சாதாரண டியூஷன் இதற்கு ஈடாகாது. அதே பாடத்தை இன்னும் சத்தமாகச் சொல்வதோடு அது நின்றுவிடும். உளவியலாளர் பள்ளியோடும் பேசுவார்: முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது, பலகையில் இருப்பதை முழுக்க எழுதவைக்காமல் நகல் தர வேண்டும், அறிவியல் தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. திங்கட்கிழமையே தொடங்கலாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரை விசாரியுங்கள்.

சான்றிதழ் வேறு கணக்கு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றை அதன் 17-ஆவது பிரிவே சொல்கிறது. மதிப்பிடுபவர், மறுவாழ்வுத் துறையினரைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா அல்லது மறுவாழ்வு உளவியலாளரா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். கழகத்தின் பதிவேட்டில் 'கல்வி உளவியலாளர்' என்று தனிப் பிரிவு இல்லை. பள்ளி ஆலோசகர் எவ்வளவு திறமைசாலி என்றாலும் அவர் கையெழுத்து மட்டும் சான்றிதழுக்குச் செல்லாது. சான்று தருவது அரசு மருத்துவக் குழு. 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி முதல் சான்று 8 வயதுக்கு மேல், மறுபடி 14-இலும் 18-இலும் என்று இருந்தது; 2024-இல் புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு ஜனவரியில் சான்றிதழுக்கு ஓடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூன்று மணித் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் எழுதுபவரும் கிடைத்தாலும், சொல்லி எழுதவைத்துப் பழகாத பிள்ளை அங்கே போய்த் திணறும். கமா எங்கே, பத்தி எங்கே, படத்தில் எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்று இன்னொருவருக்குச் சொல்வது தனித் திறமை. எட்டாம் வகுப்பு மாதத் தேர்விலிருந்தே அதைப் பழக்க வேண்டும். மொழி விலக்கையும் கிடைக்கிறது என்பதற்காக எடுக்க வேண்டாம். பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் எந்தப் பாடம் கேட்பார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.