டீக்கடை டீ வீட்டில் ஏன் வருவதில்லை?

கேள்வி: எங்களுடையது காபி வீடு. இப்போது மகனுக்கும் மருமகளுக்கும் டீதான் வேண்டும். கடையில் போடுகிற அதே டஸ்ட் டீத்தூளைத்தான் வாங்குகிறேன். பால், தூள், சர்க்கரை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் நிறம் வருகிறது. ருசி வரவில்லை, நாக்கில் கசப்பு ஒட்டுகிறது. இஞ்சி தட்டிப் போட்டால் சில நாள் பால் திரிந்தும் விடுகிறது. எங்கே தவறு?
- மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: தூளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த முறை கடையில் டீ வாங்கும்போது மாஸ்டரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் தூளைப் பாலில் போடவே மாட்டார். துணிப் பைக்குள் தூள் இருக்கும். பாய்லரிலிருந்து பிடித்த வெந்நீரை அதன் வழியே ஊற்றி டிகாஷன் இறக்குவார். பால் தனியாகச் சுடும். கிளாஸில் சர்க்கரை, பால், மேலே டிகாஷன், பிறகு இரண்டு ஆற்று. காபி வீட்டுக்காரரான உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. காபிக்கு டிகாஷன் தனியாக இறக்கும் கை, டீ என்றதும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிடுகிறது!

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கும் சிடிசி முறையில் வருவதுதான் நாம் வாங்கும் தூள். அதைச் சலிக்கும்போது கிடைக்கும் மிகப் பொடியான ரகம் டஸ்ட். பொடி என்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறத்தையும் மணத்தையும் விட்டுவிடும். அதற்கு மேல் கொதித்தால் இறங்குவது பெரும்பாலும் துவர்ப்பும் கசப்பும்தான்.

இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணீர், 150 மில்லி பால், தலைதட்டிய 2 டீஸ்பூன் டஸ்ட் போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு, 3 நிமிடம் மூடி வையுங்கள். துணியில் வடிகட்டுங்கள், எவர்சில்வர் வலையில் பொடி தப்பி வந்து அடியில் மண் மாதிரி தங்கும். துணியைப் பிழிய வேண்டாம், கசக்கும். தனியாகக் காய்ச்சிய சூடான பாலைச் சேர்த்து நான்கு முறை உயர்த்தி ஆற்றினால் நுரையோடு கடை டீ தயார்.

இனி இஞ்சி. பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்றொரு நொதி உண்டு. அது பால் புரதத்தை வெட்டிக் கட்டியாக்கிவிடும். சீனாவின் குவாங்டாங் பகுதியில் இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, உறையவிட்டு இனிப்பாகவே சாப்பிடுகிறார்கள். கொதிக்கிற சூட்டில் இந்த நொதி செயலிழந்துவிடும். பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது இஞ்சியைப் போட்ட நாளில்தான் உங்களுக்குத் திரிந்திருக்கும். பொங்கிய பாலில் போட்ட நாளில் தப்பித்திருப்பீர்கள். தட்டிய இஞ்சியைத் தண்ணீரிலேயே 2 நிமிடம் கொதிக்கவிட்டு, அதன் பிறகு தூளைப் போடுங்கள். பனைவெல்லம், நாட்டுச் சர்க்கரை போடுபவர்கள் அதை அடுப்பில் கொதிக்கும் பாலில் சேர்க்காமல் டம்ளரில் கலந்துகொள்வது நல்லது.

எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும் வடநாட்டு மசாலா டீதான் பிடிக்கும் என்றால் டஸ்ட்டை விட்டுவிட்டு, குருணை குருணையாக இருக்கும் ரகத்தை வாங்குங்கள். இஞ்சி, ஏலக்காய் கொதித்த நீரில் தூள் போட்டு 2 நிமிடம், பிறகு பால், இரண்டு பொங்கு. நீலகிரியின் முழு இலைத் தேயிலை கிடைத்தால் அதில் பால் ஊற்றிக் கெடுக்காதீர்கள் என்பது என் பிடிவாதம். வெந்நீரில் 3, 4 நிமிடம் ஊறினாலே போதும். எலுமிச்சை பிழிந்தால் நிறம் சட்டென்று வெளுக்கும். பயப்பட வேண்டாம், புளிப்பு பட்டால் டீ அப்படித்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். பால் சேர்க்காத டிகாஷனை ஆறவிட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை படர்கிறதா? அது தண்ணீரின் கடினத்தன்மை. போர் தண்ணீரில் போட்ட டீ மங்கலாக, மணமே இல்லாமல் இருக்கும். ஒரு நாள் சமையலுக்குப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் போட்டு, இரண்டு டம்ளரையும் மருமகளிடம் கொடுத்துப் பாருங்கள்.